செயலாளரின் ராஜினாமாவும் மூன்று திருத்தங்களும்

தன் ராஜினாமாவை ஏற்கும் தீர்மானத்தைத் தானே எழுதும் கொடுமை பாளையங்கோட்டையில் வேறு யாருக்கு வாய்த்தது? சபைக் கமிட்டிச் செயலாளர் ஞானையா பேனாவை மையில் தோய்த்து, "செயலாளரின் ராஜினாமாவைக் கமிட்டி ஏற்றுக்கொள்ளுகிறது" என்று கூட்டக் குறிப்பில் எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

தாலுகா கச்சேரி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று ஒரு மாதம்தான் ஆகிறது. கமிட்டிக்குப் போகும் சாயங்காலமும் இனி மனைவி ஜெபராணியோடுதான் என்று முடிவு செய்திருந்தார். பாவம், இத்தனை வருஷம் தனியாகக் கிடந்தவள்! இப்போதெல்லாம் அவள் "மழை வரும்போல இருக்கு" என்றால்கூட, "வருமா, வரும்போலவா? தெளிவாச் சொல்லு" என்று எவ்வளவு பிரியமாகக் கேட்கிறார்! நேற்றுக் காலையில், "நாளையோட கமிட்டிக்கும் முழுக்கு. இனி எந்நேரமும் ஒங்கூடத்தான்" என்றபோது அவள் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். சந்தோஷந்தான், வேறென்ன!

"தீர்மானத்தை வாசியும்" என்றார் தலைமை வகித்த குருவானவர் சத்தியநேசன். ஞானையா வாசித்தார்.

அந்தக் கமிட்டியில் எதிர்த்துக் கைதூக்கும் வழக்கமே கிடையாது. கிறிஸ்தவ அன்புக்கு அது பொருந்தாதாம். பிடிக்காததைத் திருத்துவார்கள், அவ்வளவுதான். திருத்தத்தையும் திருத்தியவர் பெயரையும் குறிப்பில் பதிய வேண்டும் என்பது ஞானையாவே கொண்டுவந்த சட்டம்.

உறுப்பினர்களில் முதலில் மாசிலாமணி வாத்தியார் எழுந்தார். "மொட்டையா ஏத்துக்கிட்டா எப்படி வே? 'தாங்க முடியாத வருத்தத்தோடு'ன்னு சேரும்."

ஞானையா பூரித்துப் போனார். நம்மேல் இத்தனை பாசமா! அடித்து எழுதிப் பெயரையும் பதிந்தார்.

அடுத்து வேதமுத்து. "தாங்க முடியாத வருத்தம்னா, உடனே எப்படித் தாங்குறது? 'தகுந்த ஆள் கிடைக்கும்போது'ன்னு போடும்."

ராஜினாமாவே தள்ளிப்போகிறதே என்று ஞானையா திடுக்கிட்டார். ஆனாலும் எழுத்தில் மழுப்பல் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காதே! "தகுந்த ஆளுன்னா யாரு? இப்படிப் பொத்தாம்பொதுவா எழுதப்படாது. தெளிவா இருக்கணும்."

"அதுவும் சரிதான்" என்று பைய எழுந்தார் அப்பாத்துரை. "'ஞானையாவைப் போலவே ஓர் ஆள்'னு தெளிவா எழுதிரும்."

ஐயோ, இது தேவையா எனக்கு! என்று மனசுக்குள் அலறிக்கொண்டே எழுதினார். செயலாளர் எழுதலாம், வாசிக்கலாம், சந்தேகம் கேட்கலாம். அழ மட்டும் இடமில்லை.

"தாங்க முடியாத வருத்தத்தோடு, ஞானையாவைப் போலவே ஓர் ஆள் கிடைக்கும்போது, செயலாளரின் ராஜினாமாவைக் கமிட்டி ஏற்றுக்கொள்ளும்" என்று வாசித்து முடித்தார்.

எல்லாக் கையும் உயர்ந்தது.

"ஞானையாவைப் போல ஒருத்தரா? அதுக்கு நாம எங்கன போக!" என்று சிரித்தார் குருவானவர். ஜெபம் சொல்லிக் கூட்டத்தை முடித்தும் விட்டார்.

ஞானையா வாசலுக்கு வந்து அப்படியே நின்றார். நேற்று ஜெபராணியிடம் எத்தனை நம்பிக்கையாகச் சொன்னார்! அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

கதவைப் பூட்ட வந்த கோயில் ஊழியன், கோயில்குட்டி தேவமணி, "என்னய்யா, மொகம் வாடிக் கெடக்கு?" என்றான்.

"ஜெபராணி ஏமாந்து போவாளே, தேவமணி. எப்படிச் சொல்லுவேன்?"

தேவமணி சாவியைத் திருப்பினான்.

"அம்மாவா? 'தகுந்த ஆளுன்னா யாருன்னு அவுக கட்டாயம் கேப்பாக, அப்பம் இதைச் சொல்லுங்க'ன்னு, நேத்தே வீடு வீடா வந்து ஆளுக்கொரு திருத்தம் சொல்லிக் குடுத்துட்டுப் போனதே அம்மாதானய்யா!"