பன்னிரண்டு மிஷின்களும் ஒரு மியூசியம் அதிகாரியும்

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் பன்னிரண்டையும் வெளியே அனுப்பியாக வேண்டும் என்று திங்கட்கிழமை காலையில் என் மனைவி ஐடா தீர்ப்புச் சொன்னாள். இட்லி வைத்துக்கொண்டே சொன்னாள். அப்பீலுக்கு இடமில்லை. இன்னொரு இட்லிக்கும் இடமில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

என் பெயர் இன்பராஜ். இன்பம் பெயரில் இருப்பதோடு சரி.

பன்னிரண்டும் என்னவென்று சொல்லிவிடுகிறேன். வாக்குவம் கிளீனர்கள். ஒவ்வொன்றுக்கும் என்னைவிட வயது அதிகம். கோலார் தங்கவயலில் சுரங்கம் ஓடிய காலத்தில் நான் எலக்ட்ரீஷியன். இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடினார்கள். அப்புறம் தினமும் மாரிகுப்பம் ரயிலேறி பெங்களூருக்குப் போய் ஒரு பட்டறையில் மோட்டார் காயில் கட்டினேன். அதிலும் ரிட்டயரான மாதம், பழைய மைன்ஸ் பங்களா ஒன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போனேன். செங்கல் குவியலுக்குள்ளிருந்து ஒரு இரும்பு மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தேன். பின்னாலேயே உடம்பும் வந்தது. துரை வீட்டுக் கம்பளத்தில் தூசி உறிஞ்சிய மிஷின். தகட்டில் 1936 என்று அடித்திருந்தது.

ஆறு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். காயிலை அவிழ்த்துப் புதிதாகச் சுற்றினேன். துருவைச் சுரண்டி, பச்சை பெயின்ட் அடித்து, துணி சுற்றிய பழைய மாடல் ஒயரைத் தேடிப் பிடித்துப் போட்டேன். சுவிட்சைத் தட்டினேன். உறுமியது பாருங்கள்! சுரங்கத்தில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி ஷாஃப்டுக்குள் இறங்கும்போது வயிற்றுக்குள் ஒன்று நடக்குமே, அதேதான் நடந்தது. துரைசாணி என்று அதற்குப் பெயர் வைத்தேன்.

ஒன்று பன்னிரண்டாகி, முன்னறையை முழுக்கப் பிடித்துக்கொண்டன. வாக்குவம் வந்த நாளிலிருந்து ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் வீட்டு வாக்குவாதம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

"இன்னாங்க, ஜெசிந்தா ஞாயித்துக்கிழமை வரா. ஏழு மாசம் முடிஞ்சிச்சி. பிரசவம் இங்கதான். அவளுக்கு அந்த ரூம் வோணும்" என்றாள் ஐடா. ஜெசிந்தா எங்கள் ஒரே மகள்.

"ஹால்ல படுக்கலாமே."

"யாரு, புள்ளத்தாச்சியா?"

"நான் மிஷினுங்கள சொன்னேன்."

"மிஷினுங்க ஹால்ல படுத்தா மனுசங்க எங்க ஒக்கார்றது? ஓஸ் பைப்பு மேலயா?"

"ரெண்டு மூணு கட்டிலுக்கு அடியில தள்ளிடலாம், ஐடா."

"அங்க ஏற்கெனவே மூணு கீது. நான் குனிய மாட்டேன்னு நெனச்சிங்களா?"

மொத்தமே ஒன்பதுதான் என்று நான் அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் பன்னிரண்டையும் என்றது ஏன் என்று இப்போது புரிந்தது.

"சனிக்கிழமை பன்னெண்டு மணி. அப்பவும் இங்க கீதுன்னா, சின்னசாமி வண்டியோட வருவாரு. நான் சொல்லி வெச்சிட்டேன்."

சின்னசாமி பழைய இரும்புக்கடைக்காரர். நல்ல மனுஷர். ஆனால் மோட்டாரைக் கண்டால் அவருக்குச் சம்மட்டி ஞாபகம்தான் வரும். ஒரே போடு. செம்புக் கம்பி தனியாக, இரும்பு தனியாக. துரைசாணி அந்தச் சம்மட்டிக்குக் கீழே படுத்திருப்பதை நினைத்துப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை மேக்ஸ்வெல் வீட்டுக்கு ஓடினேன். மேக்ஸ்வெல் என் பழைய ஷிஃப்ட் கூட்டாளி. ஆண்டர்சன்பேட்டையின் அந்தக் கோடியில் இருக்கிறான். அவன் மனைவி ஷைலா டீ கொடுத்துவிட்டு உள்ளே போகும்வரை காத்திருந்து, விஷயத்தைச் சொன்னேன்.

"ஒன் பேச்சை ஐடா கேக்காது மச்சான். வெளியாளு சொன்னா கேக்கும்" என்றான்.

"எந்த வெளியாளு?"

"மியூசியம் ஆபீசரு. வீட்டுக்கு வர்றான். மிஷினையெல்லாம் பாக்குறான். ஆகா, இது விலைமதிப்பில்லாத பொருளு, இந்த ரூமை விட்டு ஒரு இஞ்ச்சு அசைக்கக் கூடாதுங்கிறான். அவ்ளோதான்."

"கவர்மெண்ட் ஆபீசர்னு பொய் சொன்னா உள்ள போட்டுடுவாங்கடா."

"யாரு கவர்மெண்ட்டு? பிரைவேட்டு. பழம்பெரும் இயந்திரப் பாதுகாப்பு மியூசியம், பெங்களூரு. பேரு நீளமா இருந்தா பிரைவேட்டும் கவர்மெண்ட் மாதிரிதான் இருக்கும்."

ஆளையும் அவனே பிடித்தான். அனில். ஷைலாவின் சித்தப்பா மகன். பங்காருபேட்டையில் செருப்புக்கடை வைத்திருக்கிறான். கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருஷா வருஷம் ஏரோது ராஜா வேஷம் கட்டுகிறவன். ஐடாவுக்கு அவனைத் தெரியாது. அதாவது, தெரியாது என்று நான் நினைத்தேன்.

வியாழக்கிழமை போன் வந்தது. ஐடா எடுத்தாள். நான் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மியூசியமா? எங்க வீட்டுக்கா? வாங்க சார், வாங்க. சனிக்கிழமை பத்து மணிக்கா? பேஷா வாங்க."

போனை வைத்தவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஒங்க அருமை எனக்குத் தெரியாம போச்சிங்க" என்றாள்.

அன்றைக்கு மீன் வறுத்தாள். மறுநாளும் வறுத்தாள். நடுத்துண்டை என் தட்டில் வைத்தாள். முப்பத்தைந்து வருஷத்தில் காரணமில்லாமல் ஐடா நடுத்துண்டு வைத்ததே கிடையாது. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். முள்ளைத் துப்பிவிட்டு இன்னொரு துண்டு கேட்டேன்.

சனிக்கிழமை பத்து அடித்தது. அனில் வந்தான். கருப்புக் கோட்டு, கையில் ஃபைல், பூதக்கண்ணாடி. வெயிலில் கோட்டுக்குள் அவன் வெந்துகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. மேக்ஸ்வெல் தெருமுனை டீக்கடையில் ஸ்கூட்டரோடு ஒளிந்து நின்றான்.

"நமஸ்காரா மேடம்" என்று ஏரோது ராஜா குரலில் ஆரம்பித்தான் அனில். ஒன்றரை மணி நேரம் ஒவ்வொரு மிஷினையும் பூதக்கண்ணாடியில் பார்த்தான். துரைசாணி முன்னால் முழங்காலே போட்டுவிட்டான். ரொம்ப ஓவர். நான் இருமினேன்.

"மேடம், இதெல்லாம் அபூர்வமான பொருள். இந்த ரூமை விட்டு அசைக்கவே கூடாது. காத்து மாறிச்சின்னா போச்சு."

"அவ்ளோ ஒசத்தியா சார்?"

"விலையே சொல்ல முடியாது மேடம்."

"அய்யய்யோ!" ஐடா நெஞ்சில் கை வைத்தாள். "அப்ப இங்க வெச்சிருக்கிறது பெரிய தப்பாச்சே. அண்ணாந்து பாருங்க சார். மழை பேஞ்சா அந்த மூலையில ஒழுவுது."

அனில் அண்ணாந்து பார்த்தான். மூலையில் ஈரம் படர்ந்திருந்தது. நானும் பார்த்தேன். உடைந்த ஓடுகளை மாற்றச் சொல்லி அவள் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எலி வேற கீது. இந்த ஓஸைப் பாருங்க. யாரு கடிச்சது? நாங்களா கடிச்சோம்?"

"அது... இல்ல மேடம்..."

"நீங்க படிச்சவரு. நீங்களே சொல்லுங்க. இவ்ளோ ஒசத்தியான பொருளு எலி வீட்டுல இருக்கணுமா, மியூசியத்துல இருக்கணுமா?"

அனில் என்னைப் பார்த்தான். ஏரோது ராஜாவுக்கு வசனம் மறந்துவிட்டது.

"மியூசியத்துலதான் மேடம். ஆனா ஃபைல் போடணும். ஆறு மாசம் ஆவும்."

"ஃபைல் மெதுவா வரட்டும் சார். பொருள் முன்னாடி போவட்டும்."

"வண்டி வோணுமே மேடம்."

"வாசல்ல நிக்குது சார்."

நான் வாசலுக்கு ஓடினேன். நின்றது. டெம்போ. உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே மூடச் சாக்கும் மடித்து வைத்திருந்தது. டிரைவர் சரத் பீடியை அணைத்துவிட்டு எனக்குச் சலாம் போட்டான்.

"ஐடா, கொஞ்சம் நிதானமா யோசிச்சி..."

"இதுல இன்னாங்க யோசனை?" அவள் என் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்திருந்தது. ஐடா கத்தினால் சமாளித்துவிடலாம். குரல் தணிந்தால் ஆபத்து. "சாரு மியூசியத்துலேர்ந்துதானே வந்திருக்காரு?"

அனில் நெற்றியில் வழிந்த வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. சுவர்க் கடிகாரம் பதினொன்றே முக்கால் காட்டியது.

"இல்லன்னா சொல்லிடுங்க. தப்பில்ல. சின்னசாமிக்கு ஒரு போன் போட்டா போதும், வந்துடுவாரு."

இல்லை என்றால் சம்மட்டி. ஆமாம் என்றால் டெம்போ. சுரங்கத்தில் மேலே பாறை முறியும் சத்தம் கேட்கும்போதுகூட எந்தப் பக்கம் ஓடுவது என்று எனக்குத் தெரிந்திருக்கிறது. என் வீட்டு ஹாலில் தெரியவில்லை.

"ஆமா" என்றேன். "மியூசியம்தான்."

"அப்ப ஒரு கை புடிங்க."

நானே தூக்கினேன். பன்னிரண்டையும் நானே சுமந்துபோய் வைக்கோலில் படுக்கவைத்தேன். துரைசாணியைக் கடைசியாக வைத்தேன். அதன் ஒயரை இரண்டு தடவை அவிழ்த்து மறுபடியும் சுற்றிவைத்தேன். ஐடா பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் இளகியதுபோல் இருந்தது. ஆனால் வாய் இளகவில்லை.

"சார், நீங்களும் வண்டியிலயே போங்க. பொருளுக்கு ஒரு பொறுப்பு வேணுமில்ல?"

கோட்டோடு அனிலை முன் சீட்டில் ஏற்றி அவளே கதவைச் சாத்தினாள். டெம்போ கிளம்பியது.

"சவர பிளேடு தீந்துபோச்சி, வாங்கிட்டு வரேன்" என்று ஓடினேன். வாழ்க்கையில் அவ்வளவு அவசரமாக யாரும் சவரம் செய்திருக்க மாட்டார்கள்.

"கிளப்புடா ஸ்கூட்டரை!" என்று டீக்கடையில் நின்ற மேக்ஸ்வெல்லிடம் கத்தினேன்.

"இன்னாச்சி மச்சான்?"

"நம்ம மியூசியமே நம்ம பொருளைத் தூக்கினு போவுது!"

அனிலுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். சுவிட்ச் ஆஃப். டெம்போ பஜாரைத் தாண்டி, மாதா கோயிலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஊரைவிட்டு வெளியே போகும் பேத்தமங்களா ரோட்டில் திரும்பினால் எங்கே போய்ப் பிடிப்பது? திரும்பவில்லை. இடது பக்கம் ஒடித்தது. அந்தத் தெருவில்தான் சின்னசாமி கடை.

"வேகமா போடா!"

"மேடு மச்சான். ரெண்டு பேரு. வண்டிக்கு வயசு இருவத்தெட்டு."

பாதி மேட்டில் ஸ்கூட்டர் இருமிவிட்டு நின்றுபோனது. அங்கிருந்து பார்த்தோம். டெம்போவும் நின்றது. சரியாகச் சின்னசாமி கடை வாசலில். சின்னசாமி வெளியே வந்தார். கையில் சம்மட்டி. வண்டிக்குப் பின்னால் போய்ச் சாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

நான் ஓடினேன். அறுபத்து மூன்று வயதில், செருப்பு ஒரு பக்கம் கழன்று விழ, "சின்னசாமி! அடிக்காதய்யா! அடிக்காத!" என்று கத்திக்கொண்டு மேட்டில் ஓடினேன். ஒரு நாய்கூட ஒதுங்கி வழிவிட்டது.

சின்னசாமி என்னைப் பார்க்கவில்லை. சம்மட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு கயிறு கொண்டுவந்து சரத்திடம் வீசினார். சரத் சுமையை இறுக்கிக் கட்டினான். நான் போய்ச் சேருவதற்குள் டெம்போ கிளம்பிவிட்டது.

"இன்னா இன்பராஜ், இந்த வெயில்ல ஓட்டம்?" என்றார் சின்னசாமி. "பைப்பு ஆடிச்சின்னு கயிறு கேட்டான், குடுத்தேன். இந்த வண்டிய நான்தான் பேசி விட்டேன். ஒங்க வூட்டம்மா போன்ல படிச்சிப் படிச்சி சொல்லிச்சி, ஒரு கீறல் விழக்கூடாதுன்னு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேக்ஸ்வெல் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். இருவரும் டெம்போ போன வழியில் நடந்தோம். அதிலிருந்து உதிர்ந்த வைக்கோல் அடுத்த முனையில் வலது பக்கம் திரும்பியது.

"மச்சான்" என்றான் மேக்ஸ்வெல். "அது என் தெருடா."

நின்றுபோன ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர அரை மணியாகிவிட்டது. அவன் வீட்டு கேட் விரியத் திறந்திருந்தது. அவன் காரை விற்று நாலு வருஷமாகிறது. அதிலிருந்து தட்டுமுட்டுச் சாமான் கிடந்த கார் ஷெட் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. தரையில் பலகை. பலகை மேல் என் பிள்ளைகள் பன்னிரண்டும் வரிசையாக. ஒவ்வொன்றின் தலையிலும் பழைய புடவைத் துணியில் தைத்த உறை. அந்தப் புடவைகளை எனக்குத் தெரியும். ஐடாவுடையவை. வியாழன் முழுக்கத் தையல் மிஷின் ஓடியது இதற்குத்தானா? பேரப்பிள்ளைக்குச் சட்டை தைக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

அனில் கோட்டைக் கழற்றிப்போட்டுவிட்டு, படியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் டம்ளருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

"ஷைலா, இன்னா இது?" என்றான் மேக்ஸ்வெல்.

"மியூசியம். நீங்கதானே பேரு வெச்சிங்க? நாங்க எடம் குடுத்தோம்."

"நாங்கன்னா?"

"அனில் பொதங்கிழமையே எங்கிட்ட வந்துட்டான், இந்தக் கோட்டை இஸ்திரி போட்டுக் குடுன்னு. எதுக்குடான்னேன், சொல்லிட்டான். நான் ஐடா அக்காவுக்குப் போன் போட்டேன். அக்காதான் சொன்னாங்க, நல்லா மடிப்பு வெச்சிப் போடு, பெரிய ஆபீசர் மாதிரி வரணும்னு."

மேக்ஸ்வெல் என்னைப் பார்க்கவில்லை. நான் அவனைப் பார்க்கவில்லை. அவமானம்தான். ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ ஒன்று இறங்கி உட்கார்ந்தது. சம்மட்டி இல்லை. ஒழுகல் இல்லை. எலி இல்லை. பத்து நிமிஷம் நடந்தால் பார்த்துவிடலாம். தோற்றதுதான் தோற்றேன், சுகமாகத் தோற்றிருக்கிறேன் என்று பட்டது.

சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். துரைசாணி பக்கத்தில் குந்தி உட்காரப் போனேன்.

"வண்டி ஓடும்போது ஆடிப்போச்சி பாரு ஷைலா. மோட்டார் கார்பனை மட்டும் ஒரு தடவை கழட்டிப் பாத்துட்டு..."

ஷைலா என் கையைப் பிடித்து மரியாதையாக வெளியே நிறுத்தினாள். கார் ஷெட் ஷட்டரைக் கடகடவென்று இறக்கினாள். பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஐடா அக்கா தொறக்குற நேரம் எழுதிக் குடுத்திருக்காங்கண்ணா. பேரப்பிள்ளை பொறந்து மூணு மாசம் ஆவுற வரைக்கும் மியூசியத்துக்கு லீவாம்."