பெல்ட்டுக்காரரின் நழுவாத ரீல்

உலகத்தில் எங்கே எது நழுவினாலும் அதற்குத் தானே ஜவாப்தாரி என்று நினைத்த ஒரே மனிதர் எங்கள் பெல்ட்டுக்காரர்தான்.

நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அடுத்த குவார்ட்டர்ஸ் அவருடையது. நடுவில் இடுப்பு உயரச் சுவர். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பமாட்டார். மைன்ஸில் நிலக்கரி ஏறிப் போகிற பெல்ட்டு மைல் கணக்கில் ஓடும். அதைப் பார்த்துக்கொள்கிற வேலை அவருக்கு. உருளை சுற்றும்போது பெல்ட்டு அதன்மேல் வழுக்கினால் ஸ்லிப் என்பார்கள். ஸ்லிப் ஆனால் சூடேறும், புகையும், லைனே நிற்கும். ஸ்லிப் ஆகாமல் காவல் காத்துக் காத்து, அந்தப் பயம் அவரோடு பஸ் ஏறி வீட்டுக்கும் வந்துவிட்டது.

வெட்டி எறிந்த பெல்ட்டு ரப்பர் துண்டு கிடைத்தால் போதும், எதன்மேலாவது ஒட்டிவிடுவார். சோப்பு டப்பாவில் ஒட்டினார். பிறகு சோப்பை எடுக்க இரண்டு ஆள் தேவைப்பட்டது. செருப்புக்கு அடியில் ஒட்டினார். ஒரு கல்யாண மண்டபத்தில் செருப்பு தரையை விடாமல் வாசலிலேயே நின்றுகொண்டது, அவர் மட்டும் பந்தி வரைக்கும் போய்விட்டார்.

"எங்க வூட்ல எலிகூட வழுக்கி வுழாதுக்கா" என்பாள் அவர் சம்சாரம் மல்லிகா.

அவர்களுக்கு ஒரே மகன், குமார். மைன்ஸிலேயே கான்ட்ராக்ட் வேலை, கல்யாணமாகிப் பக்கத்து ஊர் வடக்குத்தில் வாடகை வீடு. அப்பா பர்மனெண்ட், மகன் கான்ட்ராக்ட் என்பது எங்கள் ஊரில் பல வீட்டில் உள்ளதுதான். ஆனாலும் அது சோற்றில் கிடக்கிற கல் மாதிரி, எப்போதாவது பல்லில் படும்.

பெல்ட்டுக்காரர் ரிட்டையர் ஆக இருந்த வருஷம், பொங்கலுக்கு, குமார் அவருக்கு மீன் பிடிக்கிற ரீல் ஒன்று வாங்கி வந்தான். கழியில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் நூல் உருளையில் சுருட்டிக்கொள்ளும். கடையில் இருப்பதிலேயே விலை குறைந்ததுதான் அவனால் முடிந்தது. இவரோ அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் குங்குமம் இட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மைன்ஸ் தண்ணீர் போய்ச் சேர்கிற ஏரிக்குக் கிளம்பினார். கூடவே அவர் சிநேகிதர் கிரேன்காரர். தூண்டிலைப் போட்டார்கள். பெரிய கட்லா மீன் ஒன்று கவ்வியது. கவ்வியதும் இழுத்துக்கொண்டு ஓட, ரீல் 'கர்ர்ர்' என்று நூலை விட ஆரம்பித்தது.

பெல்ட்டுக்காரர் அலறினார்.

"ஐயையோ, ஸ்லிப்பு ஆவுதுய்யா!"

கழியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் உருளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நூல் அறுந்தது. மீன் போய்விட்டது. கிரேன்காரர் கரையில் உருண்டு சிரித்தார்.

"கான்ட்ராக்ட் ரீல வச்சிக்கினு பர்மனெண்ட் மீனப் புடிக்க வந்துட்டாரு, பாரு!"

சும்மா சொன்ன பேச்சுதான். ஆனால் எங்கள் ஊர் பஸ்ஸில் ஏறிய பேச்சு இறங்காது. ஷிப்டு முடிவதற்குள் 'கான்ட்ராக்ட் ரீலு' என்ற பேர் எல்லா பிளாக்குக்கும் போய்விட்டது. குமார் காதிலும் விழுந்தது.

மறுவாரம் வந்தவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "வுட்டுடுப்பா. மட்டமான ரீலு. அப்புறமா நல்லதா வேற வாங்கித் தரேன்."

"எவன்டா மட்டம்னது? இதே ரீல்ல அந்தக் கட்லாவ ஏத்தி உன் பொண்டாட்டி கையால கொழம்பு வச்சித் துன்றேனா இல்லியா பாரு!"

வாயால் சொல்லிவிட்டார். அதிலிருந்து ரீலுக்குப் பிடித்தது சனி.

உருளைக்குத் தலைமேல் ஒரு திருகு உண்டு. அதைக் கழற்றினால் உள்ளே பொட்டு மாதிரி வட்ட வட்டமாகக் கம்பளித் துணி, இடையிடையே தகடு. "ஸ்லிப்பு ஆவாம என்னா பண்ணும்? உள்ளார துணி!" என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டு, பெல்ட்டு ரப்பரை வட்டமாக வெட்டி வைத்துத் திருகை இறுக்கினார். கொறடு போட்டு இறுக்கினார். அடுத்த ஞாயிறு மீன் கவ்வியது, ரீல் அசையவில்லை, நூல் 'பட்'. தடித்த நூல் மாற்றினார். கழி நுனி முறிந்தது. இரும்புக் குழாயைக் கழியாக்கினார். அன்றைக்கு ரீல் நழுவவில்லை, நூல் அறவில்லை, கழி முறியவில்லை. ஏரிக்கரையில் நழுவியவர் பெல்ட்டுக்காரர் ஒருத்தர்தான். இடுப்பளவு சேற்றில் நின்று, "பாத்தியா, ஸ்லிப்பே ஆவல!" என்று கத்தினாராம். கழியைத் தூக்கிப் பார்த்தால் தூண்டில் முள் நீண்டு ஊசியாகியிருந்தது.

மாதங்கள் ஓடின. குமார் ஞாயிற்றுக்கிழமை வருவதையே நிறுத்திவிட்டான். மல்லிகா சுவரோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ரிட்டையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும்; குறிஞ்சிப்பாடிப் பக்கம் சொந்த வீட்டுக்குப் போனபிறகு எங்கே இந்த ஏரி, எங்கே அந்தக் கட்லா?

நான் யாரிடமும் வலியப் பேசுகிறவள் இல்லை. சுவருக்கு மேலே சாமான் வாங்குவேன், கொடுப்பேன், அவ்வளவுதான். ஒருநாள் பின்கட்டில் தையல் மெஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். ரீலுக்குள் வைக்கப் பழைய தோல் இருக்குமா என்று கேட்டு அவர் சுவரோரம் வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து என் நூல் அறுந்தது. மெஷினில் நூலைப் பிடிக்கிற திருகைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

அவருக்குப் பொறுக்கவில்லை. "என்னாக்கா, லூஸ் பண்றீங்க? இறுக்குங்க!"

"இறுக்கினா அறுந்துதாங்க போவும். நூலு போறாப்பல கொஞ்சம் வுட்டுப் புடிக்கணும்."

அத்தனை வருஷத்தில் நான் அவரிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். மனிதர் சாவுச் செய்தி கேட்டவர் மாதிரி நின்றார்.

"அப்ப... அது ஸ்லிப்பு ஆவறதுக்குன்னே செஞ்சதா?"

"மீனப்பத்தி எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டேன்.

சாயங்காலம் மல்லிகா சுவரைத் தட்டினாள். "எங்கூட்டு மனுசங்கிட்ட என்னாக்கா சொன்னீங்க? சோறு துன்னாம குந்திக்கினு இருக்காரு. 'ஸ்லிப்பு ஆவணுமாமே, ஸ்லிப்பு ஆவணுமாமே'ன்னு பொலம்பறாரு!"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அவரே வந்தார். நைட் ஷிப்டுக்குப் போட்டுப் போகிற கம்பளிக் குல்லாயைச் சுவர்மேல் வைத்தார். ரீலிலிருந்து எறிந்த கம்பளித் துணிக்குப் பதில் அது. நான் அதிலிருந்து வட்டங்கள் வெட்டி, பிரியாமல் ஓரம் தைத்து, மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் கொடுத்தேன். அந்த வருஷ மார்கழியில் அவர் உச்சந்தலையில் ஓட்டையுள்ள குல்லாயோடுதான் டியூட்டிக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மல்லிகா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். "சொன்ன வாயி பக்கத்துல இருக்கணும்க்கா." குமாரையும் வரச்சொல்லிக் கெஞ்சியிருந்தாள். அவன் வண்டியை விட்டு இறங்காமல் தள்ளியே இருந்தான். கிரேன்காரரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

வெயில் ஏறும் நேரம் கட்லா கவ்வியது. 'கர்ர்ர்.' நூல் ஓடியது. பெல்ட்டுக்காரர் முகம் கோணியது. கை தானாகத் திருகை நோக்கிப் போனது.

"கைய எடுங்க!" என்று மல்லிகா அலறினாள்.

"என்னால முடியலடி! கை சொன்ன பேச்சு கேக்கல! டேய் குமாரு, ஓடியாடா! நீ சுத்துடா! நான் ரெண்டு கையாலயும் கழியப் புடிச்சிக்கிறேன், இல்லன்னா இறுக்கிப்புடுவேன்!"

குமார் வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தான். மீன் ஓடினால் அவன் கையை நிறுத்தினான், ஓய்ந்தால் சுற்றினான். அப்பா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "ஆவுதா? இன்னும் ஸ்லிப்பு ஆவுதா?" என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

"ஆவுதுப்பா. நல்லா ஆவுது."

"ஆவட்டும்டா, ஆவட்டும்!"

கட்லா கரைக்கு வந்தபோது கிரேன்காரர்தான் முதலில் தண்ணீரில் இறங்கிச் செவுளைப் பிடித்துத் தூக்கினார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம்.

"குமாரு, இந்த ரீலு எந்தக் கடையிலடா வாங்கன? எனக்கும் ஒண்ணு வாங்கியா" என்றார்.

அன்று வடக்குத்தில், குமார் வீட்டில் குழம்பு. என் பங்கு சுவர் தாண்டித் தூக்குச்சட்டியில் வந்தது.

ரீலைத் தவிர வேறு எதிலும் அவர் கடைசிவரை திருந்தவில்லை. வீட்டைக் காலி பண்ணின அன்று லாரியில் சாமான்களுக்கு அடியிலெல்லாம் ரப்பர் வைத்தார். ரீலை மட்டும் லாரியில் ஏற்றவில்லை. மகன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து மடியிலேயே வைத்துக்கொண்டு போனார்.

அவர்கள் போனபிறகு கூட்டுவதற்காகத் தையல் மெஷினை நகர்த்தப் பார்த்தேன், நகரவில்லை. குனிந்து பார்த்தால் நாலு காலுக்கும் பெல்ட்டு ரப்பர். எப்போது வந்து ஒட்டினாரோ. இன்றுவரை அந்த மெஷினைச் சுற்றித்தான் கூட்டுகிறேன்.