அத்தை வீட்டைக் கிளப்பிய ஐந்து மீட்டர் அலை

கம்ப்யூட்டர் தப்பாகச் சொன்னாலும் நம்புகிறவனை மன்னித்துவிடலாம். அது சரியாகச் சொல்லியும் நம்பாதவன்தான் ஆபத்தானவன். தொண்ணூறுகளில் திருநெல்வேலியில் அப்படி ஒரு ஆராய்ச்சி மாணவன் இருந்தான். (நான்தான்.)

கூடங்குளம் பக்கத்து ஊர் ஒன்றில் கடல் கரையை அரித்துக்கொண்டிருந்தது. கல்லைக் கொட்டித் தடுப்பு கட்டுவதற்கு முன், அலை எவ்வளவு உயரம் வரும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது என் வேலை. கடலின் ஆழம், காற்றின் வேகம், தரையின் உராய்வு எல்லாம் கொடுத்தால் அது உள்ளுக்குள் ஒரு கடலையே உண்டாக்கும். அந்தக் கடலின் அலையும், நிஜக் கடலில் கருவி அளந்த அலையும் ஒத்துப்போகும்வரை எண்களை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கருவி ஐந்து என்றது. கம்ப்யூட்டர் ஒன்றரை என்றது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. காற்றைப் புயலாக்கினேன். கடல் தரையை மொசைக் போட்ட மாதிரி வழவழப்பாக்கினேன். பல நாள் பாடுபட்டு அந்த அப்பாவியையும் ஐந்து என்று சொல்லவைத்தேன். (போலீஸ் ஸ்டேஷனில் ஒப்புக்கொள்வார்களே, அந்த மாதிரி.)

ஐந்து மீட்டர் அலை வரும் என்று பெருமை தாங்காமல் அப்பாவிடம் சொன்னேன். அவர் அந்தக் கடலோர ஊரிலேயே மளிகைக்கடை வைத்திருந்த அத்தை வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார். மறுநாள் எங்கள் வாசலில் ஒரு மினி லாரி. கட்டில், கிரைண்டர், கடைத் தராசு, மாமா, அத்தை, அவர்கள் மகள் செல்வி. மருமகனே கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டான், இனி அங்கே யார் இருப்பது என்று அத்தை தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அந்த வாரமே பேராசிரியர் முன் என் வரைபடங்களை விரித்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்வே, கருவி அளந்தது அடிக்கணக்குல்லா. நீரு மீட்டர்னு வச்சிட்டீரு. அஞ்சடின்னா ஒன்றரை மீட்டர்தான வே?"

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பைய எழுந்துபோய்ப் பக்கத்து அறைக்காரர்களையெல்லாம் வேடிக்கை பார்க்கக் கூட்டி வந்தார்.

அலை வராது என்று கேட்டால் யாரும் சந்தோஷப்படுவார்கள். அத்தை அழுதாள்.

"ஏலே, ரெண்டு ஆட்டையும் வித்துட்டு வந்துட்டம்லா. இனி எந்த மூஞ்சியோட ஊருக்குப் போவேன்?"

மாமா ஒரு வழி சொன்னார். செல்விக்கும் எனக்கும் நிச்சயம் பேச வந்ததாகச் சொல்லிவிட்டால் மானம் தப்பும். என்னை யாரும் கேட்கவில்லை. செல்வி மட்டும் வாய் திறந்தாள்.

"அத்தானுக்கு அடி எது, மீட்டர் எதுன்னு தெரிஞ்ச பொறவு பேசலாமே."

அதுவரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. அடுத்த தை மாதம் கல்யாணம்.

இன்றைக்கும் யாராவது பெரிய பெட்டியோடு எங்கள் வீட்டில் வந்து இறங்கினால், மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்: "மாப்ள, இவுகளுக்கு எத்தன மீட்டர்னு சொன்னீரு?"