டிஸ்சார்ஜ் ஆகாத ஒன்பது பேர்

இடிக்கப்போகிற ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகளை வரிசையில் நிறுத்திய ஆள் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். கொல்லிமலை வாழவந்தி நாட்டு வார்டண்ணன். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கேட்டால், "வார்டண்ணன்னு சொல்லுங்க, பஸ்காரரே எறக்கி உடுவாரு" என்பார்கள்.

அந்த ஓட்டுக் கட்டட ஆஸ்பத்திரியை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. பிரசவ வார்டுக்குள் பலாமரம் வளர்ந்து காய்க்கவும் ஆரம்பித்திருந்தது. அதை இடிக்கும் வேலையைப் பார்த்துக்கொள்ள ஓவர்சீயரான என்னை அனுப்பினார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்தபடி போய் இறங்கினால், காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வாசலை மறித்து நிற்கிறார்.

"இடிக்கக் கூடாதுங்கிறீங்களா?" என்றேன்.

"அய்ய, தாராளமா இடிங்க. மழைக்கு எவந்தலையிலாச்சும் உழுந்து தொலைக்கப் போவுது."

"அப்ப வழி விடுங்க."

"அதெப்படீங்க? உள்ளே ஒம்போது பேரு அட்மிஷன்ல இருக்காங்களே!"

எட்டிப் பார்த்தேன். ஒரு ஆடுதான் இருந்தது. அதுவும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தது.

வார்டண்ணன் கரையான் தின்ற நோட்டு ஒன்றை நீட்டினார். ஆஸ்பத்திரியைத் திடீரென்று மூடியபோது, கட்டிலில் இருந்த ஒன்பது பேருக்கு டிஸ்சார்ஜ் சீட்டு தரவில்லையாம். சீட்டு வாங்காமல் போனால் சீக்கும் கூடவே வீட்டுக்கு வரும் என்று அங்கே ஒரு பேச்சு. ஒன்பது பேரையும் முறைப்படி அனுப்பிய பிறகுதான் சுவரைத் தொடலாம் என்றார். என்ன கூத்து இது என்று பொக்லைன் டிரைவரைப் பார்த்தேன். அவனும் அதே மலைதான், ஆலத்தூர் நாட்டுக்காரன். இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

"எங்க சித்தப்பன் பேரு இருக்குதான்னு பாருங்கண்ணா."

இருந்தது! "அதானே, அந்த இருமல் இன்னும் நிக்கலியே" என்று வண்டியை அங்கேயே போட்டுவிட்டு, பைக்கில் சித்தப்பாவைக் கூட்டிவரப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் ஒன்பது பேரை எதிர்பார்த்துப் போனேன். அறுபது பேர் நின்றார்கள். ஆஸ்பத்திரியை மறுபடி திறந்துவிட்டதாக யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். வார்டண்ணன், "வரிசை! வரிசை!" என்று கத்திக்கொண்டிருந்தார். இடுப்பில் கோழியோடு முதலில் நின்ற அம்மா நாக்கை நீட்டினார்.

"நான் டாக்டர் இல்லம்மா. கட்டடம் இடிக்க வந்தவன்."

"அது கெடக்குதுங்க. மொதல்ல நாக்கப் பாருங்க."

பார்த்தேன். வேறு என்ன செய்ய? நான் எந்த வேலைக்கு வந்தேன் என்பதே அதற்குள் எனக்கு மறந்துபோயிருந்தது.

வார்டண்ணன் சொல்லச் சொல்ல, நோட்டில் பேர் இருந்தவர்களுக்கு மட்டும் சீட்டு எழுதினேன். செத்துப்போன இரண்டு பேருக்கு மகன்கள் வந்து வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எட்டு முடிந்தது. ஒன்பதாவது பெயர் மாரிமுத்து, வலது கால் முறிவு.

"யாருங்க இது? வரலையா?"

வார்டண்ணன் தன் வலது காலைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

மிளகு பறிக்க ஏறி, மரத்திலிருந்து விழுந்து இளவட்டமாக வந்து படுத்தவராம். கால் கூடியதும் வார்டைப் பெருக்கினார், வெந்நீர் வைத்தார், போ என்று யாரும் சொல்லவில்லை, அங்கேயே இருந்துவிட்டார். மூடிய பிறகும் அந்தக் கட்டிலில்தான் படுக்கை.

"எழுதுங்க. மொறைன்னா மொறைதானுங்களே," என்றார். பிறகு மெதுவாக, "எழுதிட்டா நான் எங்கீங்க போறது?"

பேனா ஓடவில்லை. டிரைவரின் சித்தப்பாதான் இருமிக்கொண்டே முன்னால் வந்தார்.

"எங்க போறதா? எங்கூட்டுக்கு வா. எனக்கு எத்தன நாளு கஞ்சி ஊத்துன! பேசாம சீட்டை வாங்கு."

எழுதினேன். வார்டண்ணன் படித்துப் பார்த்துவிட்டு, "மறுக்கா காட்ட வர்ற நாளு போடலீங்களே," என்றார். ஞாயிற்றுக்கிழமைதோறும், சேந்தமங்கலம், என் வீடு, மத்தியானம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சுவர் விழும்போது அவர் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

இப்போது ஞாயிறு தவறாமல் மலை பஸ்ஸில் இறங்கி வருகிறார். என் மனைவி இலை போடுகிறாள். "கால் எப்படி இருக்குங்கண்ணா?" என்று முறைப்படி கேட்பேன்.

"இன்னும் முழுசா கொணமாவலீங்க," என்பார்.

குணமாகவே வேண்டாம், சாமி.