பாக்கெட்டுக்கு அடையாளம் போடும் மாப்பிள்ளை

அன்பும் மரியாதையும் மிகுந்த மைத்துனர் லியோ அவர்களுக்கு, மயிலாடுதுறை பக்கத்திலிருந்து அருள்சாமி எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் இங்கே ஆளும் மாடும் நலம். நாகப்பட்டினத்தில் நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். இந்த வீட்டுப் பேச்செல்லாம் இப்போது ஒரு பெட்டி வழியாகத்தான் வெளியே போகிறது. அந்தப் பெட்டிக்குத் தெரியாமல் சொல்ல வேண்டிய சங்கதி இது.

சின்ன மாப்பிள்ளை ரெஜின் நம் வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். இணைய இணைப்பு ஒன்று போதாதென்று இரண்டு எடுத்தார். ஒன்று கம்பத்திலிருந்து வரும் பைபர். மற்றது சிம் போட்ட டப்பா, டவர் கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை. ஒரு வீட்டுக்கு இரண்டு எதற்கு என்று நான் யோசிக்கும்போதே, நடுவில் ப்ராக்ஸி சர்வர் என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அது என்ன என்றேன். "நம்ம எல்லாருக்கும் பதிலா இதுவே வெளிய போயி வேணுங்கறத வாங்கிட்டு வந்துடும் மாமா. ஒரே ஆளு போறதால எது யாருக்குன்னு தெரியாதுல்ல? அதான் வெளிய போற தகவல் பாக்கெட்டுக்கெல்லாம் ஒரு அடையாளம் போட்டுடுறேன். ஒரு அடையாளம் பைபர்ல போவும், இன்னொன்னு சிம்ல போவும்" என்றார். "என் பாக்கெட்டுக்கு என்ன அடையாளம்?" என்று கேட்டேன். சிரித்தார், மச்சான். சிரித்துக்கொண்டே பெட்டியின் பின்னால் இரண்டு இணைப்பின் வயரையும் செருகினார்.

நான் கடைமடை விவசாயி. தலைமடைக்காரன் நட்டு முடித்து, கை கால் கழுவிய பிறகுதான் நம் வாய்க்காலில் ஈரம் தெரியும். மதகில் கை வைக்கிறவன் தன் வயலை மறந்து அடுத்தவனுக்குத் தண்ணீர் விட்டு நான் பார்த்ததே இல்லை. அப்படியிருக்க, பைபரை மாமனாருக்குக் கொடுத்துவிட்டு மாப்பிள்ளை சிம்மில் உட்கார்ந்திருப்பாரா? குவைத்தில் பெரியவள் சான்ட்ராவுக்கு இரண்டாவது பிரசவம் நெருங்கிவிட்டது. சாயங்காலம் அவள் முகத்தைப் போனில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது. இதுவரை படம் ஒருநாளும் நின்றதில்லை என்பது உண்மைதான். அதுதான் எனக்குப் பயம். கடைமடைக்குத் தண்ணீர் தாராளமாக வந்தால் மேலே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

ஆகவே முறைவைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் நாம் செய்வதையே செய்தேன். மேலே உள்ளவன் அசந்த நேரம் பார்த்து மடையை மாற்றிவிடுவது. போன வாரம் நீங்கள் வந்துவிட்டுப் போன மறுநாள், மாப்பிள்ளை ஒரு கல்யாணத்துக்காகக் கூத்தாநல்லூர் போயிருந்தபோது, பெட்டியின் பின்னால் இருந்த இரண்டு வயரையும் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினேன். அன்று சாயங்காலமே பிடித்தது வினை. சான்ட்ரா "அப்பா, டாக்டர் என்ன சொன்னாருன்னா" என்று வாயைத் திறந்தாள், திறந்தபடியே நின்றாள். அன்றிலிருந்து இதே கதைதான். "ஏங்க, புள்ள மொகம் கோணிப்போயி நிக்குதே" என்று உங்கள் அக்கா பாத்திமா மேரி அழுகிறாள். மாப்பிள்ளையோ, "என்னன்னே தெரியல மாமா, ஆபீஸ் வேலை பறக்குது" என்று பாட்டு முணுமுணுக்கிறார். விஷயத்தைக் கண்டுபிடித்துப் பழிவாங்குகிறார் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? ஞாயிறு பூசை முடிந்ததும் நீங்கள் புறப்பட்டு வந்து, அவரையும் மகள் அருள்ஜோதியையும் தனிக்குடித்தனம் போகச் சொல்லிப் பேசி முடிக்க வேண்டும். நான் சொன்னால் சின்னவள் என் முகத்தில் முழிக்க மாட்டாள்.

உங்கள் வீட்டு அடுப்பும் கடலில் உங்கள் படகும் குறைவில்லாமல் நடக்க மாதா துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
அருள்சாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மாப்பிள்ளை வயரைப் பார்த்துவிட்டார். என் போனுக்கும் உங்கள் அக்கா போனுக்கும்தான் பைபர் அடையாளம் போட்டிருந்தாராம். "சான்ட்ரா அக்காவுக்குக் கொழந்தை பொறக்குற வரைக்கும் என் ஆபீஸ் சிம்ல நொண்டுனா நொண்டட்டும்னு விட்டேன் மாமா" என்றார். அதற்காக மேனேஜரிடம் திட்டும் வாங்கியிருக்கிறார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வயரைச் சரியாகச் செருகினார், சான்ட்ரா அசைந்தாள், டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாராம். "யாரு மாமா மாத்துனது?" என்று கேட்டார். போன வாரம் வந்திருந்த உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். ஞாயிறு அவசியம் வாருங்கள்; வந்ததும் மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.