மாடுகளுக்கு மட்டும் நின்ற ரயில்

அன்புத் தம்பிக்கு அண்ணன் எழுதுவது. நான் சுகம், அங்கே எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். என் கையெழுத்து அவிழ்த்துவிட்ட மந்தை போல ஆளுக்கொரு பக்கம் போகிறது, பொறுத்துக்கொள். எழுபத்தொரு வயதில் எழுதப் பழகிய கை. இந்த ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆயிற்று.

டீச்சரம்மா எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்ததும் நம் நிறுத்தத்துப் பலகையைத்தான் முதலில் படிக்க ஓடினேன். நாற்பது வருஷமாக அதில் ஊர்ப்பெயர் இருக்கிறது என்று நினைத்துத் துடைத்து வந்தேன். படித்தால், 'கால்நடை ஏற்ற மட்டும். ஆட்கள் ஏறவோ இறங்கவோ கூடாது' என்று இருக்கிறது. நீ இறங்குவாய் என்று வியாழன்தோறும் அங்கேதான் நின்றேன். குற்றம் உன்மேல் இல்லையடா, பலகைமேல். எனக்கு ஒரே சந்தோஷம்.

நிறுத்தத்தின் கதையை வேறு யார் எழுதப் போகிறார்கள், நானே எழுதுகிறேன். மாட்டுத் தரகர் அலைந்து வாங்கிய நிறுத்தம் அது. நிறுத்தம் வந்தது, மாடுகள் பெட்டியில் ஏற மறுத்தன. அதற்காக நம் காளை 'மாப்பிள்ளை'யைப் பழக்கினேன். அவன் முன்னே ஏறுவான், மந்தை பின்னால் போகும், அவன் மறுபக்கக் கதவு வழியாக இறங்கி வீட்டுக்கு வந்துவிடுவான். பிறகு லாரி வந்தது, ரயில் நிற்பதில்லை. இப்போது இருப்பவன் மூன்றாவது மாப்பிள்ளை. ஊதல் கேட்டால் இன்னும் சரிவுமேடையில் ஏறி நிற்கிறான். பெட்டி இல்லை என்று தெரிந்ததும் என்னைப் பார்க்கிறான். கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு கொடி ஆட்டுவார், நானும் துண்டை ஆட்டுவேன். அந்த வாரத்துக்கு எனக்கு அதுதான் பேச்சு.

ஒன்று சொல்ல வேண்டும். நானும் கூட வருவதாகச் சொல்லி, மாடு பார்த்துக்கொள்ளும் ஆளாக உன்னை அந்த ரயிலில் அனுப்பிய அன்று, "நீ முன்னாடி ஏறுண்ணே, நான் பின்னாலயே வர்றேன்"னு சொன்னே. ஏறினேன். நீ வைக்கோலை ஒதுக்கி எனக்கு இடம் போட்டுக்கிட்டிருந்தே, நான் மறுபக்கக் கதவு வழியா இறங்கிட்டேன். அப்பா படுக்கையில், அங்கே வேலையும் ஒருத்தருக்குத்தான். ஆனாலும் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். பிறர் படித்துக் காட்டிய உன் கடிதம் எதிலும் நீ அதைக் கேட்கவே இல்லை.

உன் மனைவிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். மீதியை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

பி.கு.: அடுத்த வாரம் எழுதுவேன் என்றதை அடித்துவிடு. மாப்பிள்ளையை டீச்சரம்மா வீட்டில் கட்டிவிட்டேன். பஸ் பிடித்து, பெரிய ஸ்டேஷனிலிருந்து வியாழக்கிழமை வண்டியில் வருகிறேன். டிக்கெட்டை நானே படித்துப் பார்த்தேன், உன் ஊர்தான். அந்தப் பெட்டிக்கும் இரண்டு பக்கம் கதவு உண்டாம். பயப்படாதே, இந்தத் தடவை இறங்க மாட்டேன்.