ஒருவரும் குறையவில்லை

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் ஓரளவு சௌக்கியம். அங்கே நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் கண்ணாடிக் கடையும் சௌக்கியம் என்றே நினைக்கிறேன். சொந்தமாகக் கண்ணாடிக் கடை வைத்துக்கொண்டு அண்ணன் இன்னமும் தன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறாரா? நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை வந்தபோது, "பேசாம அந்த வேலையை விட்டுட்டு நம்ம கடைக்கு வந்துடும்மா, கல்லாவில நம்பிக்கையான ஆள் வேணும்" என்று சொன்னீர்கள். நான் பெரிய மனுஷி மாதிரி சிரித்து மழுப்பினேன். இப்போது சொல்கிறேன், வருகிறேன். இந்த மாதக் கடைசியில் மூட்டை முடிச்சோடு வருகிறேன். ஏன் என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

என் அறை பள்ளிக்கூடத்தில் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். மாடிப்படியைத் தாண்டி, உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருக்கும் அறையையும் தாண்டி, கடைசி. எழுத்து ஒட்டாத, சத்தம் தாங்காத, பேச்சு மெதுவாக வருகிற நாலு பிள்ளைகள் காலையில் அவரவர் வகுப்பில் தலையைக் காட்டிவிட்டு என்னிடம் வந்துவிடுவார்கள். நான் எந்த வகுப்புக்கும் ஆசிரியை இல்லை, சிறப்பு ஆசிரியை. அதில் என்ன சிறப்பு என்றால், பள்ளியில் நடப்பது எதுவும் எனக்குத் தெரியாது. வகுப்பாசிரியர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. எனக்கு வகுப்பு இல்லையே, அதனால் குழுவும் இல்லை. திடீர் விடுமுறை விட்டால் ஊருக்கே தெரியும்; என் பிள்ளைகள் வீட்டுக்கு நான் சொல்லிவிடுவேன் என்று வகுப்பாசிரியர்கள் விட்டுவிடுவார்கள், நானும் என் நாலு பேரும் மட்டும் மழையில் பூட்டிய கேட்டுக்கு முன்னால் நிற்போம்; காவலாளி எட்டிப் பார்த்து, "உங்களுக்குச் சொல்லலையா டீச்சர்?" என்பார். ஆசிரியர்கள் சேர்ந்து படம் எடுத்துக்கொண்ட அன்று எல்லோரும் பேசி வைத்த மாதிரி நீல உடையில் வந்தார்கள், பேசித்தான் வைத்திருந்தார்கள், நான் மட்டும் ஆரஞ்சு. படம் எடுப்பவர் என்னைப் பார்த்து, "பேரன்ட்ஸ் எல்லாம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்றார்.

இதையெல்லாம்கூட விடுங்கள். புதுத் தலைமையாசிரியர் வந்து சேர்ந்ததை எனக்கு யார் சொன்னார்கள்? மின்விசிறி ஓடவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஆள் வருவார் வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் வந்து கதவோரம் நின்று, "எல்லாம் எப்படிப் போகுது?" என்றார். "எப்படிப் போகும்? நீங்க வந்தாத்தானே போகும்!" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறச் சொன்னேன். மனிதர் மறு பேச்சுப் பேசாமல் ஏறினார். சட்டையெல்லாம் தூசியாகக் குடைந்து, விசிறியைச் சுற்றவும் வைத்துவிட்டார். "இத்தனை நாள் எங்கய்யா போயிருந்தீங்க?" என்று நான் அதட்டிக்கொண்டிருந்தபோதுதான் அலுவலக எழுத்தர் ஓடிவந்து, "சார், உங்களை எங்கெல்லாம் தேடுறது!" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. நல்ல மனிதர், அண்ணி. கையைத் துடைத்துக்கொண்டே, "உங்களையும் குழுவில சேர்க்கச் சொல்றேன்" என்றார். எழுத்தரிடம் சொன்னாராம், எழுத்தர், உதவித் தலைமையாசிரியை பார்த்துக்கொள்வார் என்று நினைத்தாராம், அந்த அம்மா, அது எப்போதோ ஆகிவிட்டது என்று நினைத்தாராம். எல்லோரும் நல்லவர்கள். நல்லவர்களோடு சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

எனக்காக நான் இவ்வளவு புலம்பமாட்டேன். என் பிள்ளைகளுக்கு எது நடந்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவர்கள் கேட்பது அது ஒன்றுதான். காலையில் பலகையில் படங்களை வரிசையாக மாட்டுவேன்: கணக்கு, விளையாட்டு, சாப்பாடு, வீடு. சொல்லாமல் ஒன்று நடந்துவிட்டால் ஒருத்தி மேசைக்கடியில் போய்விடுவாள். ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு பாட ஆரம்பிப்பான். நான் 'நீதிபதி' என்று பெயர் வைத்திருக்கும் ஏழு வயதுக்காரி, "இதை நீங்க சொல்லல" என்று தீர்ப்புக் கொடுத்துவிடுவாள். எனக்கே சொல்லாததை நான் எப்படி அவளுக்குச் சொல்வது?

போன செவ்வாய்க்கிழமை அபாய மணி அடித்தது. தீ விபத்து ஒத்திகையாம். எல்லோருக்கும் முந்தின நாளே தெரியுமாம். நான் நிஜத் தீ என்றே நினைத்தேன். ஆனால் என் பிள்ளைகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அண்ணி! மணி அடித்தால் முடிச்சுப் போட்ட கயிற்றில் ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று மாதக்கணக்காகப் பழக்கியிருந்தேன். பாடுகிறவன் பாடிக்கொண்டே பிடித்தான். மேசைக்கடியில் போகிறவள் ஓடி வந்து முதல் முடிச்சைப் பிடித்தாள். பின்வாசல் வழியாக வெளியேறி, தெருவைக் கடந்து, சலவைக் கடை வாசலில் போய் நின்றோம். ஆபத்து என்றால் கூடும் இடம் அதுதான். அதை முன் மைதானத்துக்கு மாற்றிவிட்டார்களாம், அதுவும் அந்தக் குழுவில் வந்ததாம். சலவைக்காரர் பிள்ளைகளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பார்க்கிறேன், பார்க்கிறேன், எங்களைத் தவிர ஒரு பிள்ளையும் வரவில்லை. அத்தனை குழந்தைகளும் உள்ளே மாட்டிக்கொண்டார்களே என்று தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டேன்.

வண்டி வந்தேவிட்டது, ஏணியும் சங்குமாக. மைதானத்தில் நின்ற பிள்ளைகள் கை தட்டினார்கள். தலைமையாசிரியர், ஒத்திகைக்கு வண்டிகூட ஏற்பாடு செய்துவிட்டாரே என்று அசந்துபோய் எழுத்தரின் கையைப் பிடித்துக் குலுக்கினாராம், எழுத்தரும் மறுக்கவில்லையாம். நானும் பிள்ளைகளும் கயிறோடு வண்டிக்குப் பின்னாலேயே உள்ளே போனோம். தீயணைப்பு அதிகாரி இறங்கி, "எல்லாரும் வெளியே வந்தாச்சா சார்?" என்றார். "வந்தாச்சு. எண்ணிப் பார்த்துட்டோம், ஒருத்தர்கூடக் குறையல" என்றார் தலைமையாசிரியர். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தோம்.

பிள்ளைகள் என்னோடு பத்திரமாக இருப்பார்கள் என்று நம்பி, வகுப்பாசிரியர்கள் அவர்களையும் சேர்த்தே எண்ணிவிட்டார்கள். என்னை எண்ண வேண்டியவர் என்று யாரும் இல்லை. நிஜமாகவே தீப்பிடித்து நாங்கள் உள்ளே இருந்திருந்தாலும் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்திருக்கும், யாரும் தேடி வந்திருக்கமாட்டார்கள். இதை நினைத்ததும் எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. நீதிபதி என் கையை இழுத்து, "நம்மள எண்ணலையா டீச்சர்?" என்றாள். "நான் எண்ணிட்டேன் கண்ணு. நாலு பேர்" என்றேன். அவள் ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் என் வயிற்றில் விரலை வைத்து, "அஞ்சு. உங்களை நீங்களே விட்டுட்டீங்க" என்றாள்.

அதோடு முடிவு செய்துவிட்டேன். உங்கள் கடைக்கு வருகிறவர்கள் கண் சரியாகத் தெரிய வேண்டும் என்றுதானே வருகிறார்கள், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நானும் அவர்கள் கண்ணில் படாமலா போவேன்? அடுத்த வாரம் ராஜினாமா கொடுக்கிறேன். மாடி அறையை ஒழித்து வையுங்கள். அண்ணனுக்கு என் வணக்கம். பெரியவளுக்கு நல்ல புத்தியும் சின்னவனுக்கு நல்ல பசியும் உண்டாகட்டும். நீங்கள் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
எண்ணிக்கையில் வராத
உங்கள் நாத்தனார்

பி.கு.: தபால்தலை வாங்க மறந்து இந்தக் கடிதம் சில நாள் மேசையிலேயே கிடந்தது. அதற்குள் இரண்டு விஷயங்கள் நடந்துவிட்டன. தலைமையாசிரியர் என் அறைக்கு வந்து, பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, "தப்பு என்னோடதுதான் டீச்சர்" என்று சொல்லித் தன் கையாலேயே என்னைக் குழுவில் சேர்த்தார். இனி இந்த நாலு பேரையும் நான் எண்ண வேண்டும், என்னை அவர் எண்ணுவார் என்று உத்தரவு. அன்றிலிருந்து போன் ஓயவில்லை: காலை வணக்கம், ரோஜாப்பூ, யாருக்கோ பிறந்தநாள், அதற்கு முப்பது பேர் வாழ்த்து. தாங்காமல் சத்தத்தை நிறுத்தி வைத்தேன். நேற்று ஆசிரியர் கூட்டத்தைக் கோட்டை விட்டேன். "உங்களுக்குச் சொன்னோமே டீச்சர்!" என்கிறார்கள்.

இன்னொன்று. முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று ஊரெல்லாம் கத்துகிறவள், வேலையை விடுவதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் இருக்கலாமா? இன்று காலை உட்கார வைத்துச் சொல்லப் பார்த்தேன். "இனிமே ஒரு நாள் நான் இங்க வரமாட்டேன்" என்று ஆரம்பித்ததுமே நீதிபதி, "நாளைக்கா?" என்றாள். "இல்ல, நாளைக்கு வருவேன்." "அதுக்கு அடுத்த நாள்?" "வருவேன்." "அதுக்கு அடுத்த நாள்?" அவள் ஒவ்வொரு நாளாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். மற்ற மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நாளும் கிடைக்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்தபோது அடுத்த வருஷத்தில் பாதி வரைக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன். கடைக்கு வேறு ஆளைப் பாருங்கள், அண்ணி.